பணம் ஏதும் பெறப்படவில்லை

2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மதியம், தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு மேசையில் நான் ஒரு கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பாதியில் எழுந்து போயிருக்கிறேன். நகலெடுத்து நகலெடுத்து எழுத்துகள் மங்கிப்போன ஒரு தாள் அது. சிகிச்சை திருப்தியாக இருந்தது, மருந்துகள் இலவசமாக வழங்கப்பட்டன, ‘சிகிச்சைக்காக என்னிடமிருந்து பணம் ஏதும் பெறப்படவில்லை’ என்று மூன்று வரிகள் அதில் இருந்தன. நோயாளி என் சித்தப்பா. இதய இரத்தக் குழாயின் அடைப்புக்கு வலது மணிக்கட்டின் வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் வைத்திருந்ததால் அவர் கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ‘உறவினர்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்திட்டேன். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான், சித்தியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து வந்த பணத்தோடு என் கைப்பணத்தையும் சேர்த்து, அதே மருத்துவமனையில் நாற்பதாயிரம் ரூபாய் கட்டியிருந்தோம்.

ரசீது கிடையாது. முதல் தவணையாக இருபத்தைந்தாயிரம் கட்டியபோது, ஒரு டோக்கன் சீட்டின் பின்புறத்தில் ‘25’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மீதிப் பதினைந்தைக் கட்டியதும் அந்தச் சீட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எதற்காக இந்தப் பணம் என்று கேட்டதற்கு, அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், இவருக்கு வைத்திருப்பது நல்ல ஸ்டென்ட், இது அதற்கான வித்தியாசம் என்று பதில் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எழுந்து உட்கார்ந்திருக்கும் மனிதருக்குச் சாதாரணமானதே போதும் என்று எந்த உறவினரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பதிலின் பலமே அதில்தான் இருந்தது.

முதல் கையெழுத்து

இந்தக் கதையில் உண்மையில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. அதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முதலாவது, நான்கு நாள்களுக்கு முன்பு கிராம நிர்வாக அலுவலர் போட்டது.

சித்தப்பாவைச் சேர்த்த இரவில் மருத்துவமனையில் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டையைத்தான். சித்தி பீரோவிலிருந்து எடுத்துவந்தது 2009ஆம் ஆண்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்ட அட்டை. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு அது வெறும் புகைப்படம் ஒட்டிய நினைவுப்பொருள் என்பது சித்திக்குத் தெரியாது. புதிய அட்டைக்கு வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளி படுத்திருப்பதற்கு மருத்துவமனைக் கடிதம் இருந்தால் அன்றைக்கே எண் கொடுத்துவிடுவார்கள் என்றார்கள். விடிந்ததும் நான் வி.ஏ.ஓ. அலுவலகத்தின் வாசலில் நின்றேன். நல்ல மனிதர், நிலைமையைச் சொன்னவுடன், மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

“எவ்வளவு போடட்டும் தம்பி?”

“எவ்வளவு போடலாம் சார்?”

“எழுபத்திரண்டுக்குள்ள இருக்கணும். அறுபதாயிரம் போட்டுடுறேன். யாராச்சும் கேட்டா மாசம் அஞ்சாயிரம்னு சொல்ல வசதி.”

சித்தப்பா கொத்தனார். அப்போது அவருக்கு நாள் கூலி எண்ணூறு ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வேலை இருக்காது. பங்குனி, சித்திரையில் ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு இருக்காது. மணல் கிடைக்காத மாதங்கள் தனி. சித்தி நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். இவர்களுடைய ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டால், அவர்களுக்கே தெரியாது. ஆண்டு வருமானம் என்பதே மாதச் சம்பளக்காரர்களின் சொல். ஆனாலும் அது அறுபதாயிரம் இல்லை என்பது வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே நேரத்தில், அவசரத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் புரட்டக்கூடிய குடும்பம் அது இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும். அந்த இரண்டு உண்மைகளில் இரண்டாவதைத்தான் அவர் சான்றளித்தார். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால், முதலாவதைப் பற்றி ஒரு பொய்யை எழுதினார்.

அந்த 72,000 ரூபாய் என்ற ஆண்டு வருமான வரம்பு திட்டம் தொடங்கிய 2012இலிருந்து பத்து ஆண்டுகள் அசையவே இல்லை. 2022 ஜனவரியில் திட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது அது 1,20,000 ஆயிற்று. இப்போதாவது கணக்கு நேராகிவிட்டதா என்று பார்த்தால், 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். கணவனும் மனைவியும் அந்தக் கூலியில் தலா 180 நாள்கள் வேலை செய்தால் 1,20,960 ரூபாய் வருகிறது. அதாவது, அரசு தானே நிர்ணயித்த கூலியில், ஆண்டில் பாதி நாள் மட்டும் உழைக்கும் ஒரு தம்பதி, அரசின் காப்பீட்டுக்குத் தகுதியில்லாத வசதி படைத்தவர்களாகிவிடுகிறார்கள். 2022இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது அதில் 1.37 கோடிக் குடும்பங்கள் இருப்பதாக அரசு சொன்னது. அத்தனை குடும்பங்களும் இந்த வரம்புக்குள் அடங்குமானால், தமிழ்நாடு நாம் அறிந்த தமிழ்நாடாக இருக்காது. அவர்கள் உள்ளே இருப்பது நல்லதே. ஒருவரையும் வெளியேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அந்தப் பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், டிஸ்சார்ஜ் நாள் வரும்வரை.

சித்தி என் கையைப் பிடித்த இடம்

அந்தத் தாளைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு, வாங்கவில்லை என்று எழுதித் தரச் சொல்கிறீர்களே என்று கேட்பதற்காக நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். திட்டத்துக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் குழு இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும். அந்த எண்ணின் பலகை காப்பீட்டு மேசைக்குப் பின்னாலேயே, மேசையில் இருந்த பெண்ணின் தலைக்கு மேலே, மாட்டியிருந்தது. அப்போது சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்து, காதருகே சொன்னார்: “வேணாம்ப்பா. நாம ஒண்ணு பேசப்போய், அவுங்க வருமானத்தைக் கிளறிட்டா? கார்டே போயிடும். இனிமே மாசாமாசம் ஆஸ்பத்திரின்னு ஆயிடுச்சு.”

நான் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத சித்தி அந்த ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டதை நான் மெதுவாகத்தான் கண்டுகொண்டேன். வி.ஏ.ஓ. எழுதிய அறுபதாயிரம் எங்கள் வாயை முன்கூட்டியே அடைத்திருந்தது. புகார் கொடுப்பவன் முதலில் தன்னைக் குறித்த காகிதங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறான். வருமான வரம்பு என்பது தகுதியற்றவர்களை வடிகட்டும் சல்லடை என்று கொள்கை வகுப்பவர்கள் நினைக்கலாம். படுக்கையருகே நிற்பவர்களுக்கு அது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. மருத்துவமனைக்கு அது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, நாங்களே பயந்துகொண்டோம்.

இதை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு திட்டம் நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. காப்பீட்டு அட்டை உண்டா, வருமானம் எவ்வளவு, எந்த மாநிலத்தவர் என்ற கேள்விகளே இல்லை. அதே அரசு, பல இடங்களில் அதே மருத்துவமனை, அதே மேசை. லாரி இடித்தால் வருமானம் கேட்பதில்லை, நெஞ்சு வலித்தால் கேட்கிறார்கள். ரேஷன் அரிசிக்கும் இந்த மாநிலத்தில் வருமானச் சான்று யாரும் கேட்பதில்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் காப்பீட்டில் உண்டு என்று சொல்லிவிட்டால் கூடுதலாக ஆகும் செலவு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கார்டில் இருக்கும் ஐந்து லட்சம்

ஊரில் எல்லோரும் ‘கார்டில் அஞ்சு லட்சம் இருக்கு’ என்றுதான் பேசுகிறார்கள். 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோது ஆண்டு வரம்பு ஐந்து லட்சமாக உயர்ந்தது. அன்று முதல் அந்தத் தொகை வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் போல மக்களின் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் மருத்துவமனைக்குப் போவது ஐந்து லட்சம் அன்று. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம். அதற்குள் படுக்கை, மருந்து, அறுவை சிகிச்சை, உள்ளே வைக்கும் கருவி, உணவு எல்லாம் அடக்கம். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது அரசுக்குத் தெரியும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும், மருத்துவமனைக்குத் தெரியும். யாருடைய உடம்பில் கத்தி படுகிறதோ அவருக்கு மட்டும் தெரியாது. ‘அப்ரூவல் வந்துடுச்சு’ என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள். எவ்வளவுக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

பின்னாளில், ‘நல்ல ஸ்டென்ட்’ விஷயத்தைத் தேடிப் பார்த்தேன். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. மருந்து பூசியவற்றில் உயர்ந்தது, மிக உயர்ந்தது என்ற பிரிவுகளை ஆணையம் ஏற்கவில்லை. எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே உச்சவிலை. ஆண்டுதோறும் அது கொஞ்சம் மாறும். ஆனால் 2019இல் நாங்கள் ‘வித்தியாசம்’ என்று கட்டிய நாற்பதாயிரம், ஒரு முழு ஸ்டென்ட்டின் உச்சவிலையைவிட அதிகம். சித்தப்பாவுக்கு வைத்தது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் நாங்கள் கட்டியது எதற்கான வித்தியாசம்?

ஒரு விளக்கம் என் நண்பரிடம் கிடைத்தது. சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்தும் மருத்துவர் அவர். சில ஆண்டுகள் திட்டத்தில் இருந்துவிட்டு வெளியேறியவர். தொகுப்புக் கட்டணம் பல சிகிச்சைகளுக்குக் கட்டுப்படியாகாது, அதிலும் காப்பீட்டு நிறுவனத்தார் ‘குவெரி’ என்று ஒரு விளக்கக் கேள்வியைக் கிளப்பிக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், வரவேண்டிய பணமும் தாமதமாகவே வரும் என்றார். நர்ஸ் சம்பளம், மின்கட்டணம், ஆக்சிஜன் எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும்போது தொகுப்பு மட்டும் அடுத்த டெண்டர் வரை நின்ற இடத்தில் நிற்கும் என்பதும் அவருடைய வாதம். இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வெளியேறினார். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் வெளியேறவில்லை. கட்டணம் போதவில்லை என்றால் அரசிடம் சண்டை போட வேண்டும் அல்லது விலக வேண்டும். மூன்றாவது வழியாக அடகுக்கடை இருக்கக் கூடாது. அதே போல, செலவைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கட்டணத்தை மாற்றி, ஏன் இந்தத் தொகை என்பதை வெளியிட வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. போதாத கட்டணத்தை வைத்துவிட்டு, நோயாளியிடம் வாங்காதே என்று மட்டும் சுற்றறிக்கை அனுப்பினால், வாங்குவதுதான் நடக்கும். என்ன, ரசீது இல்லாமல் நடக்கும்.

காப்பீட்டு நிறுவனம் எதற்கு, அரசே நேரடியாகக் கொடுக்கலாமே என்றும் வாதம் இருக்கிறது. 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசு பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுக்குக் கட்டுகிறது, 1.37 கோடிக் குடும்பங்களுக்கு அது ஆயிரத்து நூற்று அறுபது கோடியைத் தாண்டும். கேரளம் 2020 ஜூலையிலிருந்து நிறுவனத்தை விலக்கிவிட்டுத் தன் சுகாதார முகமையின் வழியாகவே நேரடியாகக் கொடுக்கிறது. அங்கே மருத்துவமனைகளுக்கு நிலுவை சேர்ந்துபோன புகார்கள் அடிக்கடி செய்தியாகின்றன. எனக்கு இதில் உறுதியான கருத்து இல்லை. யார் பணம் கொடுத்தாலும், உங்களிடம் பணம் வாங்கினார்களா என்று நோயாளியிடம் யார் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

யார் கேட்பது, எங்கே கேட்பது

என்னிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்டது யார்? பணம் வாங்கிய அதே மருத்துவமனை. எங்கே? அவர்களுடைய மேசையில். எப்போது? டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைப் பையும் இன்னும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது. இந்த மூன்றும் சேர்ந்தால், ‘பணம் ஏதும் பெறப்படவில்லை’ என்ற வரியைத் தவிர வேறு எதையும் எந்த நோயாளியும் எழுத முடியாது. கோப்பில் அது நோயாளியின் வாக்குமூலம். உண்மையில் அது வெளியே போவதற்கான அனுமதிச்சீட்டு.

சரிபார்ப்பதற்குத் தொலைபேசியில் அழைக்கலாமே என்று தோன்றும். எங்கள் படிவத்தில் இருந்தது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் சித்தி மகனுடைய பழைய எண்; அவன் அதை மாற்றி ஓராண்டு ஆகியிருந்தது. குறுஞ்செய்தி ஏதாவது போயிருந்தால், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ, அவருக்குப் போயிருக்கும். ஆயுஷ்மான் பாரத் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளின் பெயருக்கு நேரே 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண் இருந்தது என்று அதில் படித்தபோது நாடே சிரித்தது. எனக்கு அந்தப் பழைய எண்தான் ஞாபகத்துக்கு வந்தது. பத்து ஒன்பதுகளைப் போட்டவர், ஒருநாள் யாராவது அந்த எண்ணில் அழைத்து, ‘உங்களிடம் பணம் வாங்கினார்களா அம்மா’ என்று கேட்கக்கூடும் என்று நினைத்துப் போட்டிருக்க மாட்டார்.

சித்தி வீட்டுக்கு இப்போது மாதம் ஒருமுறை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் பெண் வருகிறார். பக்கத்துத் தெருக்காரர். திண்ணையில் உட்கார்ந்து, சித்தப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். அந்த நாற்பதாயிரத்தின் கதையை ஒரு நாள் சித்தி அவரிடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஒரு ரூபாயைக்கூட மறக்கவில்லை. எந்த விசாரணைக் குழுவுக்கும் கிடைக்காத வாக்குமூலம், திண்ணையில் தானாகவே வந்தது. நோயாளியின் கையெழுத்து உண்மையிலேயே அரசுக்கு வேண்டுமானால், டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் கழித்து, அவர் வீட்டுத் திண்ணையில், மருத்துவமனையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் வாங்க வேண்டும். சேர்க்கும் அன்றே சிகிச்சையின் பெயர், அனுமதித்த தொகை, அதில் அடங்குவன எவை என்று தமிழில் ஒரு தாள் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். அந்தத் தாளையும் வாக்குமூலத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே மருத்துவமனைக்குக் கடைசித் தவணையை விடுவிக்கலாம். நடப்பு ஒப்பந்தம் 2027 ஜனவரி 10இல் முடிகிறது. அடுத்த டெண்டரில் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதினால் போதும். தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், ஊக்கத்தொகை குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்குத் தனியாகப் பணம் தராமல் அவர்கள் தலையில் ஏற்றினால், இதுவும் நோட்டில் வெறுமனே ‘டிக்’ அடிக்கும் இன்னொரு பத்தியாகிவிடும்.

சென்ற தை மாதம் எங்கள் தெருவில் இருக்கும் லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை என்று என்னைத் துணைக்கு அழைத்தார். வேறு வி.ஏ.ஓ., இளைஞர். எவ்வளவு போடலாம் என்று அவர் கேட்கவே இல்லை. 1,08,000 என்று தானாகவே எழுதினார். ஏன் இந்தத் தொகை என்று கேட்டதற்கு, பன்னிரண்டால் சரியாக வகுபடும் சார் என்றார். அண்ணனிடம் நான் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன்: யார் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள், கையெழுத்துக்கு முன்னால் எனக்கு ஃபோன் செய்யுங்கள். ஃபோன் வரவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து சொன்னார். பதினைந்தாயிரம் கேட்டார்களாம், இவர் ரசீது கேட்டாராம், மூன்று முறை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஐந்தாயிரம் கொடுத்தால் போதும் என்றார்களாம். பத்தாயிரம் மிச்சம் தம்பி என்று சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அந்த ஐந்துக்கு ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். தாளில் கையெழுத்து?

“அதைப் போட்டாத்தானே தம்பி பையைக் கொடுத்தாங்க.”